பின்சக்கரம் சுடவில்லை

கம்மூன் தன் வண்டியை ஒருநாளும் அடித்ததில்லை. எங்கள் மலையூர் ஹுவாய்சானில் யாரைக் கேட்டாலும் இதைச் சத்தியம் பண்ணிச் சொல்வார்கள். மற்றவர்கள் கிளம்பாத வண்டியின் டயரை எட்டி உதைப்பார்கள், கதவை ஓங்கிச் சாத்துவார்கள், அதன் பிறப்பையே இழுத்துத் திட்டுவார்கள். கம்மூன் செய்ய மாட்டான். வண்டிக்குள் குடியிருக்கும் மே யா நாங் அம்மை கோபித்துக்கொண்டால் மலைப்பாதையில் உருட்டிவிட்டுவிடுவாள் என்று பயம். நல்ல நாள் வந்தால் ஸ்டியரிங்குக்கு மேலே மஞ்சள் பூமாலை தொங்கும், பானட்டின் மேல் ஒரு பாட்டில் சிவப்பு சோடா மூடி திறந்து நிற்கும். அவன் பெண்டாட்டி லம்பாய்க்கு மாலையும் கிடையாது, சோடாவும் கிடையாது. அடி மட்டும் தவறாமல் கிடைத்துவந்தது.

என் கடை மெக்கானிக் பிரயூனின் கொட்டகைக்கு எதிரில் இருக்கிறது. பப்பாளிக்காய் இடித்துத் தருவேன், கோழி சுடுவேன், ஒட்டரிசிச் சோறு வைத்திருப்பேன். அங்கே கழற்றிப் போட்ட வண்டிகளையும் இங்கே கழன்று விழும் வாய்களையும் பார்த்தே எனக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. அதனால் கம்மூனின் பிக்கப்புக்கு என்னென்ன நோய் என்பது எனக்கு அதன் டாக்டரைவிட அதிகமாகவே தெரியும்.

வண்டிக்கு இருபது வயது தாண்டிவிட்டது. இவன் மூன்றாவது கை. ரேடியேட்டர் ஒழுகும், ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி ஓடைத்தண்ணீர் ஊற்ற வேண்டும். டீசல் நாசில் தேய்ந்து, பின்னால் வருகிறவனுக்குக் கண் தெரியாத அளவுக்குக் கரும்புகை விடும். கிளட்ச் வழுக்கும். அடிச்சட்டத்தில் துரு தின்ற இடங்களில் தகடு வைத்துப் பற்றவைத்திருந்தான் பிரயூன். அப்புறம் அந்தத் தகட்டையும் துரு தின்றது. ஒருமுறை முன்சக்கரத்துப் பால் ஜாயின்ட் கழன்று, வண்டி வாத்துக் கால் மாதிரி சக்கரத்தை விரித்துக்கொண்டு முட்டைக்கோசு வயலில் உட்கார்ந்துவிட்டது. கோசு விலை ஏறினால் கிளட்ச் போகும், இறங்கினால் ரேடியேட்டர் போகும். யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். ஆனால் மலைமேல் விளைவதைக் கீழே கொண்டுபோக வேறு வழி என்ன இருக்கிறது?

கம்மூன் வயலைப் பார்த்துக்கொள்வான். சந்தைக்கு லோடு ஓட்டுவது லம்பாய். நன்றாக ஓட்டுவாள். மேலிருந்து லோம் காவ் சந்தைவரைக்கும் இறக்கம், வளைவுக்கு வளைவு கீழே பள்ளம். இரண்டாம் கியரில் போட்டுப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இறங்குவாள். ஒல்லியான உடம்பு, பெரிய கைகள், யார் பேசினாலும் முதலில் சிரித்துவிட்டு அப்புறம் பதில் சொல்வாள். சிரிக்கும்போது கையால் வாயை மூடுவது வெட்கத்தால் என்று புதிதாய்ப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். ஓரத்தில் இரண்டு பல் இல்லை, அதற்காக.

போன மழைக்காலம் முடிந்ததும் கம்மூனின் தம்பி கீழேயிருந்து வந்தான். உடைத்துப் போட்ட ஆறுசக்கர லாரியிலிருந்து எடுத்த ஸ்பிரிங் பட்டைகளைக் கொண்டுவந்திருந்தான். அண்ணனும் தம்பியுமாக ஒரு பகல் முழுக்க வியர்த்து, பின்பக்க வில்லுப்பட்டையில் ஆளுக்கொரு பக்கம் கூடுதலாகச் சேர்த்துக் கட்டினார்கள். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். வண்டி தேள் மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. இனி எவ்வளவு ஏற்றினாலும் வால் தாழாது என்று இருவரும் அன்றைக்கு என் கடையில் ஒரு முழுக்கோழியைத் தின்றார்கள்.

அதற்குப் பிறகுதான் முன் பிரேக் பேட் தேய ஆரம்பித்தது. புதுசு போட்டால் மாசம் தாங்கவில்லை. அடுத்து டிஸ்க் நீலம் பாரித்து வளைந்தது. அதையும் மாற்றினார்கள். புது டிஸ்க்கும் வளைந்தது. கம்மூன் இதற்கு ஒரே காரணம் கண்டுபிடித்தான்.

“உன் காலுக்கு அங்க என்னடி வேல?” என்று அவன் கத்துவது என் அடுப்படிவரைக்கும் கேட்கும். “பெடல் மேல கோழி அடை காக்கற மாதிரி ஏறி உக்காந்துக்கறியா? மலை முழுக்க மிதிச்சுக்கிட்டே எறங்கினா பேடு என்னத்துக்கு ஆகும்?”

பேட் போட்ட நாளில் கன்னம் வீங்கும். டிஸ்க் மாற்றிய அன்று ரேடியேட்டர் குழாயை எடுத்து முதுகில் விளாசினான். தடித்தடியாக எழும்பியிருந்ததை நான்தான் மஞ்சள் வைத்து ஒற்றினேன். பேட்டுக்குக் காசு கொடுக்க வேண்டும், டிஸ்க்குக்குக் காசு கொடுக்க வேண்டும், பெண்டாட்டியை அடிக்கக் காசு வேண்டாம். அதனால் எல்லா ரிப்பேரையும் அவன் அதில்தான் ஆரம்பித்தான்.

குளிர்காலம் அப்போது. ஒரு காலையில் பனிமூட்டம் விலகாமலே லம்பாய் வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு என் அடுப்புக்கு முன்னால் வந்து குந்தினாள்.

“அக்கா, ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது.”

“நீ சொல்லு. சிரிக்கறதா வேண்டாமான்னு நான் பாத்துக்கறேன்.”

“நேத்துக் கீழ போயி நிறுத்தினேன். முன்சக்கரம் ரெண்டும் பொகையுது, கிட்டப் போக முடியல. சும்மா பின்சக்கரத்து டிரம்முல கை வெச்சேன். தண்ணிப் பானை மாதிரி சில்லுனு இருக்கு. முந்தின லோடுலயும் அப்படித்தான். நான் பெடல் மேல காலை வெச்சு அழுத்திக்கிட்டே வந்தா, நாலு சக்கரமும்தானே சுடணும்?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே வண்டிக்கு அடியில் படுத்திருந்த பிரயூனுக்கும் இது கேட்டுவிட்டது. கிரீஸ் முகத்தோடு வெளியே வந்தான். அவன் பேச்சு எப்போதும் சுற்றிவளைத்துத்தான் வரும்.

“கோழிக் குச்சி ஒண்ணு குடு, அக்கா,” என்றான். குச்சியை ஒரு விறகுக்கும் தரைக்கும் நடுவில் சாய்த்துப் பிடித்தான். “பின் ஆக்சில்லருந்து பாடிக்கு இப்படி ஒரு கம்பி போகுது. அதுக்கு மேல சின்னதா ஒரு வால்வு. லோடு ஏத்தினா பாடி தாழும், கம்பி தள்ளும், அப்ப வால்வு, ஓகோ, பாரம் இருக்குன்னு பின் பிரேக்குக்கு எண்ணெயை நல்லா விடும். பாடி தூக்கிக்கிட்டு நின்னா, காலி வண்டின்னு நெனச்சுக்கும். விடாது.”

“இப்பத்தான் பட்டை சேத்துத் தூக்கி வெச்சிருக்கே,” என்றாள் லம்பாய்.

“அதேதான். நீ கோசை மலையா ஏத்தினாலும் அதுக்கு இது காலி வண்டி. மொத்த பாரத்தையும் முன்சக்கரம் ரெண்டே பிடிச்சு நிறுத்துது. வேகாம என்ன செய்யும்?”

லம்பாய் வாயை மூடாமல் சிரித்தாள். “அப்ப என் கால் இல்ல.”

“உன் கால் இல்ல. கம்பியோட பிடிப்பை ஒசத்தி வெச்சா சரியாப் போகும். ஐநூறு பாட் குடுத்தா இன்னைக்கே முடிச்சிடுவேன்.”

அந்த நேரம் பார்த்துத்தான் கம்மூன் வந்து நிற்க வேண்டுமா? மருந்தடிக்கும் டப்பாவை முதுகில் மாட்டிக்கொண்டு, எவ்வளவு நேரம் நின்றானோ தெரியாது. பெண்டாட்டி இன்னொருத்தனைப் பார்த்துச் சிரிப்பது அவன் கண்ணில் பட்டுவிட்டது.

“என் வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு என் பெண்டாட்டிக்குப் பாடம் நடத்தறியா, பிரயூனு?”

“அண்ணே, பட்டை ஒசந்ததால வால்வு...”

“பட்டை கட்டினது நானும் என் தம்பியும். நாங்க மடையனுங்க, இவ பெரிய இஞ்சினியரு. அப்படித்தானே?” டப்பாவைக் கழற்றி வைத்தான். “எத்தனை நாளா நடக்குது இந்தப் பேச்சு?”

“ஏங்க, நீங்களே ஒரு தடவை பின்சக்கரத்துல கை வெச்சுப் பாருங்க,” என்றாள் லம்பாய். “நான் சொல்றது பொய்யின்னா அப்பறம் அடிங்க.”

அப்புறம் என்பதெல்லாம் அவனுக்கு ஏது? முடியைப் பிடித்து இழுத்து பிரயூனின் வேலை மேசைமேல் மோதினான். மேசையில் சாமானைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு வைஸ் இருந்தது. விலா அதன் முனையில் போய் இடித்தது. அவள் கத்தவில்லை, புஸ்ஸென்று காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. கீழே விழுந்தவளைக் காலால் மிதித்தான். பிரயூன் “அண்ணே, அண்ணே” என்று தள்ளிநின்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆம்பிளை என்று மீசை வைத்து என்ன பிரயோஜனம்?

நான் உரலை விட்டு எழுந்துபோய், மிளகாயும் மீன்சாறும் ஊறிய கையோடு கம்மூனின் முகத்தை இரண்டு கண்ணோடும் சேர்த்துத் தேய்த்தேன். நன்றாகவே தேய்த்தேன். ஊரே கேட்கும்படி அலறினான். கோசு ஏற்றக் காத்திருந்த பயல்கள் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டே சிரித்தார்கள். ஒருவன், “கம்மூன் அண்ணனுக்கு இன்னைக்குக் காரம் கொஞ்சம் தூக்கல்” என்றான். அந்தச் சிரிப்புதான் அவனை என் கையைவிட அதிகமாக எரித்தது.

கண் சிவக்க நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: “நாளன்னைக்கு லோடு நான் ஓட்டறேன். கம்பியும் வேணாம், களிமண்ணும் வேணாம். பிரேக்கை எப்படிப் பிடிக்கணும்னு இவ பக்கத்துல உக்காந்து பாக்கட்டும். இந்த அக்காவும் வரட்டும், சாட்சிக்கு.”

“வரேன்,” என்றேன். கீழே இறால் கருவாடு வாங்க வேண்டிய வேலையும் இருந்தது. அதைவிட, இவளை அவனோடு தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

சொன்ன நாளில் லோடு வழக்கத்தைவிட அதிகம். வேண்டுமென்றே ஏற்றியிருந்தான். கூண்டுக்கு மேலே இன்னொரு கூண்டு கட்டினது போல கோசு மூட்டை நின்றது. அப்போதும் வால் தாழவில்லை. முன்சீட்டில் நெருக்கியடித்து மூன்று பேர். அவன் ஸ்டியரிங்கில், லம்பாய் நடுவில், நான் இடதுபக்க ஜன்னலோரம். லம்பாய் ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு கால்வாசி மூச்சுதான் விட்டாள். கேட்டதற்கு, “குளிர், அக்கா” என்றாள்.

“பாத்துக்கோ,” என்று ஆரம்பித்தான் கம்மூன். “நாலாவது கியர். உன்னை மாதிரி ரெண்டாவதுல போட்டு இஞ்சினைக் கொல்ல மாட்டேன். வளைவு வருதா? தொட்டேன். விட்டேன். அவ்வளவுதான். தொட்டேன், விட்டேன்.”

“ரெண்டாவதுக்கு வாங்க,” என்றாள்.

“வாயை மூடிக்கிட்டுப் பாரு.”

மூன்று வளைவுவரைக்கும் தொட்டான், விட்டான். பிறகு தொட்டபடியே இருந்தான். ரப்பரும் இரும்பும் கருகுகிற நாற்றம் ஜன்னல் வழியாக வந்தது. அவனுக்கும் அது தெரிந்திருக்கும், மூக்கு இல்லாதவனா? ஆனால் வாய்ச்சவடால் விட்டவன் எப்படி நிறுத்துவான்? மூங்கில் காட்டு வளைவைத் தாண்டியதும், சூட்டில் பிரேக் எண்ணெய் கொதித்து, பெடல் ஒரேயடியாகத் தரைக்குப் போனது. மறுபடி மிதித்தான். சேற்றில் மிதித்தது போலத்தான் இருந்திருக்க வேண்டும். முகம் அப்படிப் போயிற்று.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல.”

வண்டி அவன் பேச்சைக் கேட்காமல் ஓட ஆரம்பித்தது. கியரை இறக்கப் பார்த்தான். பல்லோடு பல் உரசிக் கத்தியதே தவிர விழவில்லை. கடைசியில் மூன்றாவது விழுந்தபோது கிளட்ச் வழுக்கியது. இஞ்சின் சும்மா ஊளையிட்டது. எதிரே ஒரு பைக்குக்காரன் ஓரத்து வாய்க்காலுக்குள் அப்படியே பாய்ந்தான். வேகவைத்த சோளம் விற்கும் கிழவியின் தட்டியைப் பெயர்த்துக்கொண்டு போனோம். கொதிக்கிற அண்டா ரோட்டில் உருண்டது, கிழவி தள்ளி நின்றதால் பிழைத்தாள். அடுத்த வளைவில் வண்டி இடதுபக்கப் பாறையில் போய்த் தேய்த்தது. கண்ணாடி பிய்ந்து என் முழங்கையைக் கிழித்துக்கொண்டு போனது. பின்னால் கயிறு அறுந்து கோசுகள் துள்ளித்துள்ளி எங்களை முந்தின. அந்தப் பயத்திலும் அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, என்ன புத்தியோ.

“ஹேண்ட் பிரேக்கு,” என்றாள் லம்பாய்.

“தொடாத! பின்சக்கரம் பூட்டிக்கிட்டா கவுந்துடும்.”

“அதுதான் தேயாம இருக்குங்க. ஹேண்ட் பிரேக்குக்கு வால்வு கெடையாது, கேபிள்தான்.”

“தொட்டா கையை ஒடைப்பேன்.”

அந்தக் காலத்து வண்டிகளில் ஹேண்ட் பிரேக் டாஷ்போர்டுக்குக் கீழே குடைப்பிடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அவள் குனிந்தாள். அவன் முழங்கையால் அவள் தாடையில் இடித்தான். ரத்தம் என் மடிமேல் தெறித்தது. அவள் ஒரு காலை டாஷ்போர்டில் ஊன்றி, பிடியை இரண்டு கையாலும் பற்றிப் பின்னுக்குச் சாய்ந்து இழுத்தாள். இழுத்தாள் என்று எழுதிவிட்டேன், அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை எழுதத் தெரியவில்லை. வண்டியின் பின்பக்கம் ஒருமுறை பாம்பு மாதிரி நெளிந்தது. அப்புறம் பின்சக்கரம் இரண்டும் பிடித்தன. கீச்சிட்டு, புகைந்து, இழுத்து, பாதி மலையில் இருக்கும் காய்கறி மூட்டை ஏற்றும் கொட்டகைக்கு முன்னால் வண்டி வந்து நின்றது. மூட்டை தூக்கும் ஆட்கள் கையில் சோற்று உருண்டையோடு எழுந்து நின்றார்கள்.

லம்பாய் என்னைத் தாண்டி இறங்கினாள். வாயிலிருந்து வழிந்த ரத்தத்தைத் துடைக்கவில்லை. பின்னால் போய் நின்றாள்.

“இப்ப வந்து கையை வைங்க. பட்டை கட்டினதுலருந்து இன்னைக்குத்தான் இது சுடுது.”

மூட்டைக்காரர்களில் ஒருவன் சிரித்தான். கம்மூன் இறங்கி வந்தான். உயிர் மிஞ்சியதற்கு அவன் முகத்தில் ஒரு நன்றியாவது இருக்கிறதா என்று பார்த்தேன். நாய்க்கு இருக்கும் அளவு கூட இல்லை. “ரோட்டுல வெச்சு என் மானத்த வாங்கறியா?” என்று கேட்டு அவள் வாயிலேயே குத்தினான். நான் நடுவில் போனேன். ஒரு தள்ளலில் கோசுக் குவியலில் விழுந்தேன். இரண்டாவது குத்தில் அவள் திறந்துகிடந்த கதவின்மேல் சாய்ந்தாள். முடியைப் பிடித்தான். அவள் தலையைக் கதவு விளிம்பில் மோதினான். சீட்டுக்குப் பின்னால் இருந்த சாமான்களெல்லாம் சரிந்து விழுந்தன. அவள் கை துழாவியது. கைக்கு வந்தது வீல் ஸ்பேனர்.

அவள் திரும்பிய வேகத்தில் அவன் வலதுகையைக் குறுக்கே வைத்தான். காய்ந்த மூங்கிலை முட்டியில் வைத்து முறித்தது போல இருந்தது. முழங்கைக்குக் கீழே இன்னொரு முழங்கை வந்தது. அவன் அலறிக்கொண்டே உட்கார்ந்தான். அவள் அத்தோடு விடவில்லை. வண்டியின் முன்பக்கம் போய் வலதுபக்க லைட்டை ஒரே அடியில் நொறுக்கினாள். கை முறிந்து கிடந்தவன் அப்போதுதான் உண்மையில் பதறினான்.

“வேணாம், லம்பாய், வண்டிய அடிக்காத. உள்ள மே யா நாங் அம்மை இருக்கா.”

“இருந்தா எறங்கி வரச் சொல்லுங்க,” என்றாள். “இவ்வளவு நாளா பாத்துக்கிட்டுத்தானே இருந்தா.” இடதுபக்க லைட்டும் போனது.

யாரும் கிட்டே வரவில்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் மறைக்க நான் என்ன பிக்குணியா? ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு அவள் இரண்டு முறை தரையில் காறித் துப்பினாள். பிறகு, “தூக்கி உக்கார வைங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்” என்று மூட்டைக்காரர்களிடம் சொன்னாள். பிரேக் ஆறும்வரைக்கும் காத்திருந்தாள். பின், முதல் கியரில், ஒரு கை ஸ்டியரிங்கிலும் ஒரு கை அந்தக் குடைப்பிடியிலுமாக மிச்ச மலையை இறக்கினாள். இந்த முறை நடுவில் நான். கம்மூன் ஜன்னலோரம் முனகிக்கொண்டு வந்தான்.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் குண்டாய் ஒரு நர்ஸ். கம்மூனைக் கட்டிலில் உட்கார வைத்து, சட்டைக் கையை வெட்டிப் பார்த்துவிட்டு, “எப்படி ஆச்சு?” என்றாள்.

“ஜாக்கி நழுவிடுச்சு,” என்றான் கம்மூன்.

நர்ஸ் லம்பாயின் முகத்தைப் பார்த்தாள். “உங்க வீட்டு ஜாக்கி எப்பவும் இந்தம்மா மேலதானே நழுவும். இன்னைக்கு என்ன, ரெண்டு பேரையும் பாத்துடுச்சா?”

“ஜாக்கி இல்ல,” என்றாள் லம்பாய். “நான் அடிச்சேன். வீல் ஸ்பேனர்.”

“லம்பாய்.”

“இதுக்கு முன்ன வந்ததெல்லாம் இவரு அடிச்சது. பல்லு, இந்த வெரலு, காது. ஜாக்கி ஒரு தடவகூட நழுவல.”

கம்மூன் பழக்கத்தில் கையை ஓங்கினான். ஓங்க வேண்டிய கை வரவில்லை. வலியில் அவன் கட்டிலின்மேல் சுருண்டான். நர்ஸ் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த பச்சைத் திரையை இழுத்துவிட்டாள். லம்பாயை இந்தப் பக்கக் கட்டிலில் உட்கார வைத்து, வாயைத் துடைத்து, கண்ணை விரித்துப் பார்த்தாள்.

“வேற எங்க வலிக்குது?”

லம்பாய் என்னைப் பார்த்தாள். பிறகு, “மூச்சு விட்டா” என்றாள்.

நர்ஸ் சட்டையைத் தூக்கினாள். இடதுபக்க விலா கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. விரலால் மெல்லத் தொட்டுக்கொண்டே போனவள் ஒரு இடத்தில் நிறுத்தினாள். உள்ளே ஏதோ அசைவதை அவள் முகத்தில் நான் பார்த்தேன்.

“ரெண்டு எலும்பு போயிருக்கு. எப்ப?”

“முந்தாநாளு. வைஸ்ல இடிச்சு.”

இந்த விலாவோடுதான் அவள் அந்தப் பிடியை இழுத்திருக்கிறாள். எங்கள் மூன்று பேர் உயிரையும் காப்பாற்றியிருக்கிறாள், அவனுடையதையும் சேர்த்து. எனக்கு அழுகை வந்தது. திரைக்கு அந்தப் பக்கம் போய் அவனுடைய இன்னொரு கையையும் முறித்துவிடலாமா என்றும் வந்தது. நர்ஸ் வெளியே போய் டாக்டரையும் போலீசையும் ஒரே குரலில் கூப்பிட்டாள்.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கம்மூன் பேசினான். குரல் சாதாரணமாக இருந்தது, வீட்டில் வேலை சொல்கிற குரல்.

“லம்பாய், வெயில் ஏறுது. கோசு வாடிடும். போயி சந்தையில எறக்கிட்டு வா.”

அவள் தலையணையை விலாவோடு சேர்த்து அணைத்துக்கொண்டு மெல்லச் சாய்ந்து படுத்தாள்.

“வாடட்டும்,” என்றாள்.

நான் அவள் செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.